எத்தனால் பெட்ரோல்: எந்த வயல், எந்தத் தண்ணீர்?

கரும்பிலிருந்தும் தானியங்களிலிருந்தும் எடுத்துப் பெட்ரோலோடு கலக்கும் ஆல்கஹாலான எத்தனாலுக்கு ஆதரவான வாதம் எளிமையானது. கரும்பு வளரும்போது காற்றிலிருந்து எடுத்துக்கொண்ட கார்பன்தான் எஞ்சினில் எரிந்து மறுபடி காற்றுக்குப் போகிறது. பெட்ரோலோ பல கோடி ஆண்டுகள் பூமிக்கடியில் கிடந்த கார்பனைப் புதிதாக மேலே கொண்டுவருகிறது. ஆகவே எத்தனாலின் கணக்கு நேராகிவிடும் என்கிறார்கள். வேதியியலில் இது சரிதான். ஆனால் இந்தக் கணக்கு புகைக்குழாயில் ஆரம்பித்து இலையோடு முடிந்துவிடுகிறது. உரம், போர்வெல் மோட்டார், கொதிகலன், எத்தனால் வடிக்கும் ஆலையின் (வடிப்பாலையின்) கழிவு, கரும்போ மக்காச்சோளமோ வந்ததால் நிலத்தை விட்டுப் போன வேறு பயிர் என்று எதுவும் அதற்குள் வருவதில்லை.

இந்தியாவில் எத்தனால் கலப்பு 2003இல் 5 சதவீத இலக்கோடு சில மாநிலங்களில் தொடங்கியது. 2014இல்கூட நாடு முழுக்கச் சராசரி 1.5 சதவீதத்தைத்தான் தொட்டிருந்தது. 2022 ஜூனில் 10 சதவீதம், 2025இல் 20 சதவீதம். முதலில் 2030க்கு என்று வைத்த இலக்கை ஐந்து ஆண்டுகள் முன்னுக்கு இழுத்தார்கள். இவ்வளவு வேகமாக ஏறியபோது எத்தனால் எதிலிருந்து வந்தது, எந்தத் தண்ணீரில் விளைந்தது என்பதை முன்வைத்துத்தான் இதன் நீண்டகால விளைவைப் பேச வேண்டும். பொதுப்பேச்சு என்னவோ மைலேஜ் விஷயத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது.

ஒரு லிட்டரை எடுத்துக் கணக்குப் போடலாம்.

ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 32 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது, எத்தனாலில் 21. எனவே ஒரு லிட்டர் எத்தனால் மிச்சப்படுத்துவது 0.66 லிட்டர் பெட்ரோலைத்தான். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு, 0.66 லிட்டருக்கு 1.5 கிலோ. கச்சா எண்ணெய் எடுப்பது, சுத்திகரிப்பு எல்லாம் சேர்த்தால் சுமார் 1.8 கிலோ. இதுதான் வரவு. இனி செலவுகளை ஒவ்வொன்றாகக் கழிப்போம்.

முதலில் யூரியா. கரும்புக்கு எக்டேருக்கு 250 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்) போடுவதாக வைத்துக்கொள்வோம். பாசன வசதியுள்ள தமிழகக் கரும்பு வயலுக்கு இது மிகையான அளவு இல்லை. போட்ட தழைச்சத்தில் ஒரு பகுதியை மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் நைட்ரஸ் ஆக்சைடாக்கிக் காற்றில் விடுகின்றன. அந்த வாயு, எடைக்கு எடை, கார்பன் டை ஆக்சைடைப்போல 273 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். ஐ.நா.வின் பருவநிலை மாற்ற அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் பொது அளவுகோல்படி 1 சதவீதம் மட்டுமே வெளியேறுவதாகக் கொண்டால், எக்டேருக்கு சுமார் 3.9 கிலோ நைட்ரஸ் ஆக்சைடு, அதாவது 1,070 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். எக்டேருக்கு 100 டன் கரும்பு, டன்னுக்கு 70 லிட்டர் என்று 7,000 லிட்டர் எத்தனாலுக்குப் பகிர்ந்தால் லிட்டருக்கு 150 கிராம். இது வயலிலிருந்து நேராக எழும் வாயு மட்டும். நீரோடு ஆற்றுக்கும் நிலத்தடிக்கும் போன நைட்ரேட் பிறகு வேறிடத்தில் வாயுவாவதையும் சேர்த்தால் உண்மை அளவு 3 முதல் 5 சதவீதம் வரை போகும் என்று 2008இல் பால் குரூட்சனும் உடனிருந்தவர்களும் காட்டினார்கள். ஓசோன் ஆய்வுக்காக நோபல் பெற்ற அதே குரூட்சன்தான். அவர்கள் அளவுகோலில் பார்த்தால் லிட்டருக்கு 450 முதல் 750 கிராம் ஆகிவிடுகிறது.

அடுத்தது தண்ணீர். பலரும் இதை வறட்சிப் பிரச்சினையாக மட்டும் பார்க்கிறார்கள், ஆனால் இதற்குள் கார்பன் கணக்கும் இருக்கிறது. கரும்பிலிருந்து ஒரு லிட்டர் எத்தனால் எடுக்க சுமார் 2,860 லிட்டர் தண்ணீர் ஆகிறது என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்கிறது. எக்டேருக்குக் கணக்கிட்டால் ஏறக்குறைய 2,000 மில்லிமீட்டர் வருகிறது. தமிழ்நாட்டின் ஆண்டுச் சராசரி மழை 900 மில்லிமீட்டரை ஒட்டித்தான். மிச்சம் ஆற்றிலிருந்தோ ஏரியிலிருந்தோ போர்வெல்லிலிருந்தோ வர வேண்டும்.

போர்வெல் என்றால் என்ன ஆகிறது? ஒரு லிட்டர் எத்தனாலுக்கு 2,000 லிட்டர் தண்ணீரை 330 அடியிலிருந்து, அதாவது 100 மீட்டரிலிருந்து ஏற்றுவதாக வைத்துக்கொள்வோம். ஆயிரம் லிட்டரை 100 மீட்டர் தூக்க, எந்த இழப்பும் இல்லாவிட்டால், 0.27 யூனிட் போதும். நீர்மூழ்கி மோட்டாரும் பம்பும் சேர்ந்து 40 சதவீதத் திறனில் ஓடினால் 0.68 யூனிட். அடிக்கடி சுருள் கட்டிய மோட்டாரும் மணல் தேய்த்த இம்பெல்லரும் அந்தத் திறனைக்கூடத் தருவதில்லை. இரண்டாயிரம் லிட்டருக்கு 1.36 யூனிட். இந்திய மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.72 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்பதால், ஒரு லிட்டர் எத்தனாலுக்குத் தண்ணீர் இறைத்த வகையிலேயே ஒரு கிலோ போய்விடுகிறது. 1.8 கிலோ வரவில் பாதிக்கு மேல் மோட்டாரோடு தீர்ந்தது. யூரியாவையும் கழித்தால் கையில் நிற்பது அநேகமாகச் சில நூறு கிராம்தான்.

அதே ரகக் கரும்பு, அதே ஆலை, ஆனால் வாய்க்கால் பாசனம் என்றால் இந்த ஒரு கிலோ இல்லை. பிரேசிலின் எத்தனால் நல்ல பெயர் வாங்கியதற்கு இதுவே பெரிய காரணம். சாவோ பாவ்லோ பகுதிக் கரும்பு பெரும்பாலும் மழையிலேயே விளைகிறது. ஆலை சக்கையில் ஓடுகிறது. 1975 முதல் அவர்கள் செய்துவருவதை எடுத்துக்காட்டி நம் திட்டத்தை நியாயப்படுத்துகிறவர்கள் மழைக் கணக்கை விட்டுவிடுகிறார்கள். மகாராஷ்டிரத்தின் வறண்ட மராத்வாடாவிலும் நம் வடமாவட்டங்களிலும் ஆழ்துளைக் கிணற்றை நம்பி நிற்கும் கரும்பு அந்தக் கரும்பு கிடையாது. மின்சாரம் இலவசம் என்பதால் இந்தச் செலவு விவசாயியின் கணக்கிலும் வருவதில்லை, ஆலையின் கணக்கிலும் வருவதில்லை.

மூன்றாவது, கொதிகலன். சர்க்கரை ஆலையோடு ஒட்டிய வடிப்பாலை சக்கையை எரித்து நீராவி எடுக்கும். அது பெரும்பாலும் சரிதான். அரிசியிலும் மக்காச்சோளத்திலும் எத்தனால் எடுக்கும் ஆலைக்குச் சக்கை ஏது? மாவை வேகவைக்க, வடிக்க, மிஞ்சிய கழிவை உலர்த்த என்று லிட்டருக்கு 3 கிலோவுக்குக் குறையாமல் நீராவி தேவை. உமி கிடைத்தால் உமி, கிடைக்காவிட்டால் நிலக்கரி. நம் ஊர் நிலக்கரி ஒரு கிலோவுக்கு 5 கிலோ நீராவி வருவதாகக் கொண்டால் லிட்டருக்கு 600 கிராம் நிலக்கரி, சுமார் 900 கிராம் கார்பன் டை ஆக்சைடு.

இப்படிப் பார்த்தால் எத்தனால் என்ற ஒற்றைப் பெயருக்குள் நாலைந்து வேறு வேறு எரிபொருள்கள் இருக்கின்றன. மிகச் சுத்தமானது சி-ஹெவி மொலாசஸிலிருந்து வருவது. சர்க்கரையை எடுத்து முடித்தபின் எஞ்சும் கரும்பாகு அது. அதற்காக யாரும் தனியாக ஒரு சென்ட் நிலம்கூட உழவில்லை. சிக்கல் என்னவென்றால் ஒரு டன் கரும்புக்கு அதில் 11 லிட்டருக்குக் குறைவாகவே கிடைக்கும். ஆலைகள் ஆண்டுக்கு 30 கோடி டன் கரும்பு அரைத்தால் 325 கோடி லிட்டர். 20 சதவீதக் கலப்புக்கு நிதி ஆயோக் மதிப்பிட்ட தேவை 1,016 கோடி லிட்டர். மூன்றில் ஒரு பங்கு வரைதான் இந்தச் சுத்தமான எத்தனால் வரும். அதற்கு மேல் கூட்டிய ஒவ்வொரு சதவீதமும் சர்க்கரையாகவோ சோறாகவோ தீவனமாகவோ போக வேண்டியதிலிருந்து பிடுங்கியது.

விலை நிர்ணயமும் இதற்கு எதிர்த்திசையில் இருக்கிறது. சி-ஹெவி எத்தனாலுக்கு 2024-25இல் லிட்டருக்கு 57.97 ரூபாய், கரும்புச் சாற்றுக்கு 65.61, மக்காச்சோளத்துக்கு 71.86. உற்பத்திச் செலவை வைத்துப் போட்ட விலை என்ற அளவில் புரிகிறது. ஆனால் கார்பனைக் குறைக்கத்தான் இந்தத் திட்டம் என்று சொல்லிவிட்டு, கார்பன் மிகக் குறைவான ரகத்துக்கு மிகக் குறைந்த விலை வைப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

மழை பொய்த்தபோது என்ன நடந்தது என்று பாருங்கள். 2023 டிசம்பரில், சர்க்கரை போதாது என்று கரும்புச் சாற்றிலிருந்து எத்தனால் எடுப்பதை மத்திய அரசு கட்டுப்படுத்தியது; 2024 ஆகஸ்டில்தான் தடை விலகியது. அந்த இடைவெளியை மக்காச்சோளம் நிரப்பியது. அதுவரை மக்காச்சோளம் ஏற்றுமதி செய்துகொண்டிருந்த நாடு மியான்மரிலிருந்தும் உக்ரைனிலிருந்தும் இறக்குமதி செய்யத் தொடங்கியது. நாமக்கல் கோழிப் பண்ணைகளில் தீவன விலை ஏறியதும் இதனால்தான். பெரம்பலூர், அரியலூர் பக்கம் மானாவாரியாக மக்காச்சோளம் போடுகிறவருக்கு நல்ல விலை கிடைத்தது. அது நியாயமான லாபம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அரிசி விஷயம் வேறு. இந்திய உணவுக் கழகத்தின் அரிசியை 2025இல் கிலோ 22.50 ரூபாய்க்கு வடிப்பாலைகளுக்குக் கொடுத்தார்கள். ஒரு டன் அரிசியில் 450 லிட்டர் எத்தனால் வரும், லிட்டருக்கு 2.2 கிலோ அரிசி. கிலோவுக்கு 3,000 லிட்டர் தண்ணீர் என்று குறைவாக வைத்தாலும் 6,600 லிட்டர் ஆகிறது. அந்த நெல் விளைந்த பஞ்சாப், ஹரியானா நிலத்தடி நீர்மட்டம் எந்த நிலையில் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். தண்ணீர் தேங்கிய நெல்வயலிலிருந்து எழும் மீத்தேனை நான் இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை.

இனி நிலத்தை விட்டுப் போன பயிர். 2025 காரிஃப் பருவத்தில் மக்காச்சோளப் பரப்பு கூடியது, சோயாபீன் பரப்பு குறைந்தது. எண்ணெய் வித்து குறைந்தால் எண்ணெய் வெளியிலிருந்து வர வேண்டும். ஏற்கெனவே ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி டன்னுக்கு மேல் சமையல் எண்ணெய் இறக்குமதி செய்கிறோம். அதில் பெரிய பங்கு இந்தோனேசியா, மலேசியாவின் பாமாயில். அங்கே சதுப்புக் காட்டை வெட்டி எண்ணெய்ப்பனை வைத்தால் அந்த மண்ணிலிருந்து வெளிவரும் கார்பனை, பனையெண்ணெய் டீசலின் சேமிப்பால் ஈடுகட்ட 400 ஆண்டுகளுக்கு மேல் ஆகும் என்று 2008இல் வெளியான ஃபார்ஜியோன் குழுவின் ஆய்வு கணக்கிட்டது. இங்கே ஒரு ஏக்கரில் சோயா போய் மக்காச்சோளம் வந்தால் அங்கே உடனே ஒரு மரம் விழும் என்று நேர்க்கோடு போட முடியாது. ஆனால் சந்தை வழியாக அந்த அழுத்தம் போய்ச் சேரத்தான் செய்யும். அமெரிக்காவில் இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். அவர்களின் எத்தனால் கட்டாயத்தால் உழவுக்கு வந்த நிலத்தையும் கூடிய உரத்தையும் சேர்த்தால், மக்காச்சோள எத்தனாலின் கார்பன் அளவு பெட்ரோலைவிடக் குறைவில்லை, 24 சதவீதமாவது கூடுதலாகவே இருக்கக்கூடும் என்று 2022இல் லார்க் குழுவின் ஆய்வு சொன்னது.

இதைவிடக் கண்ணுக்கு நேராகத் தெரிவது வடிப்பாலைக் கழிவு. மொலாசஸிலிருந்து ஒரு லிட்டர் எத்தனால் எடுத்தால் 8 முதல் 15 லிட்டர் ஸ்பென்ட் வாஷ் என்ற கழிவுநீர் வெளிவரும். காபி டிகாக்ஷன் நிறம், எரித்த சர்க்கரையும் அழுகலும் கலந்த வாடை. பி.ஓ.டி., அதாவது அந்தக் கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன், லிட்டருக்கு 40,000 மில்லிகிராமுக்கு மேல். வீட்டுச் சாக்கடை நீரில் இது சில நூறுதான். நிறத்துக்குக் காரணமான மெலனாய்டின்களை நுண்ணுயிர்கள் எளிதில் சிதைக்காது. கிணற்றில் இறங்கினால் பழுப்பு பல ஆண்டுகள் நிற்கும். இப்போது ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்பது விதி. பல அடுக்கு ஆவியாக்கியில் 55-60 பிரிக்ஸ் (கரைந்த திடப்பொருளின் சதவீதம்) வரை சுண்டவைத்து, சக்கையோடோ நிலக்கரியோடோ சேர்த்துத் தனிக் கொதிகலனில் எரிக்கிறார்கள். கிடைக்கும் சாம்பலில் பொட்டாஷ் இருக்கிறது, உரமாகப் போகிறது. ஏட்டில் நல்ல ஏற்பாடு. நடைமுறையில் அதே பொட்டாஷ்தான் குறைந்த வெப்பத்தில் உருகிச் சூப்பர்ஹீட்டர் குழாய்களில் பிசினாக ஒட்டிக்கொள்கிறது. ஆவியாக்கிக் குழாய்களில் சுண்ணாம்பு படிகிறது. கொதிகலனைச் சுத்தம் செய்ய நிறுத்தினால் அத்தனை கழிவும் குட்டைக்குப் போகும். நாளுக்கு 60,000 லிட்டர் எத்தனால் எடுக்கும் ஆலைக்கு அது தினமும் ஆறேழு லட்சம் லிட்டர். ஐப்பசி மழையில் அந்தக் குட்டை நிரம்பினால் எங்கே போகும் என்பதை ஆலைக்குக் கீழ்ப்பக்கம் இருக்கும் ஊர்க்காரர்கள் சொல்வார்கள். ஒரு ஆலையைப் பற்றி விசாரிப்பதானால், குட்டையின் கொள்ளளவு எத்தனை நாள் கழிவுக்குப் போதும், அடியில் தடித்த பிளாஸ்டிக் விரிப்பு இருக்கிறதா, கொதிகலன் ஆண்டுக்கு எத்தனை நாள் நின்றது என்ற மூன்றையும் கேட்க வேண்டும்.

புகைக்குழாய்ப் பக்கம் எத்தனாலுக்கு உண்மையான நன்மை உண்டு. இருபது சதவீதக் கலப்பில் கார்பன் மோனாக்சைடு இருசக்கர வண்டியில் பாதியாகவும், காரில் 30 சதவீதமும், எரியாத ஹைட்ரோகார்பன் 20 சதவீதமும் குறைவதாக நிதி ஆயோக் அறிக்கை தருகிறது. நைட்ரஜன் ஆக்சைடுகளில் தெளிவான போக்கு இல்லை. அசிட்டால்டிஹைடு என்ற மாசு வாயு கூடும், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சூடேறிய பின் அதைப் பெரும்பாலும் பிடித்துவிடும், காலையில் முதல் சில நிமிடங்கள் பிடிக்காது.

பானிப்பட்டில் இந்தியன் ஆயில் 2022இல் திறந்த ஆலை வைக்கோலிலிருந்து எத்தனால் எடுக்கிறது. ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோல், 3 கோடி லிட்டர் எத்தனால் என்பது திட்டம். எரிக்கப்பட்டு டெல்லிக்குப் புகையாகப் போக வேண்டிய வைக்கோல் அது; எனவே இந்த வகைதான் நான் முழு மனத்தோடு வரவேற்பது. ஆனால் நெல் வைக்கோலில் உள்ள சிலிக்கா இயந்திரத்தைத் தேய்க்கும், நொதிக்குச் செலவு அதிகம், அறுவடை முடிந்து மூன்று வாரத்துக்குள் கட்டுக்கட்டி ஆண்டு முழுவதும் நனையாமல் வைக்க வேண்டும். ஆயிரம் கோடி லிட்டர் தேவைக்கு முன்னால் மூன்று கோடி மிகச் சிறியது.

நிலத்தை அளவுகோலாக வைத்தால் மின்சாரக் கார், ஸ்கூட்டரோடு ஒப்பிடலாம். ஒரு எக்டேர் கரும்பின் 7,000 லிட்டர் எத்தனாலில், லிட்டருக்கு 12 கிலோமீட்டர் ஓடும் கார் 84,000 கிலோமீட்டர் போகும். அதே எக்டேரில் சூரியத் தகடு வைத்தால் ஆண்டுக்கு 7.5 லட்சம் யூனிட். சார்ஜ் இழப்பு போக யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர் என்றால் 45 லட்சம் கிலோமீட்டர். ஐம்பது மடங்குக்கு மேல், அதுவும் தகடு கழுவும் தண்ணீர் மட்டும் செலவழித்து. இன்றைய நிலக்கரி மின்சாரத்தில் ஓடும் ஸ்கூட்டருக்கே கிலோமீட்டருக்கு 25 கிராம் கார்பன் டை ஆக்சைடுதான். 45 மைலேஜ் தரும் பெட்ரோல் ஸ்கூட்டருக்கு 51. மூன்று யூனிட் பேட்டரி செய்யும்போது வெளியான 200-300 கிலோவை 10,000 கிலோமீட்டர் வாக்கில் ஈடுகட்டிவிடலாம். நிக்கல், லித்தியம் சுரங்கங்களின் பாதிப்பும், பழைய பேட்டரி முறையான மறுசுழற்சிக்குப் போகிறதா என்பதும் தனியாக எழுத வேண்டிய பெரிய விஷயம். பழைய ஈய பேட்டரிகளை ஊருக்குள் உருக்கியதால் மண் கெட்ட அனுபவம் நமக்கு இருக்கிறது.

கலிஃபோர்னியாவிலும் பிரேசிலிலும் எரிபொருளுக்குக் கார்பன் மதிப்பெண் போடும் முறை இருக்கிறது; பிரேசிலின் ரெனோவாபயோ என்ற திட்டத்தில் ஆலைக்கு ஆலை மதிப்பெண் மாறும். இங்கும் அது வேண்டும், அதில் பாசன நீர் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு கட்டம் இருக்க வேண்டும். எத்தனை சதவீதம் கலந்தோம் என்பதை மட்டும் அறிவித்துக்கொண்டிருந்தால் நாம் எதைக் குறைத்தோம் என்று யாருக்கும் தெரியாது.

வண்டி வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன், இதிலும் சுற்றுச்சூழல் சம்பந்தம் உண்டு. பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9. இருபது சதவீதக் கலப்புக்கு 13.5 வாக்கில். ஆக்சிஜன் சென்சார் உள்ள பி.எஸ்.6 வண்டி தானே சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டர் வண்டியில் கலவை மெலிந்து எஞ்சின் சூடாகும். மெயின் ஜெட்டை ஒரு அளவு பெரிதாக மாற்றினால் சரியாகும். பழைய நைட்ரைல் ரப்பர் குழாய் ஊறி உப்பும், பிறகு வெடிப்பு விட்டு ஆவி கசியும். ஃப்ளோரோ ரப்பர் குழாய் போடுங்கள். பழைய டேங்கில் படிந்த பிசினையும் துருவையும் எத்தனால் கிளப்பிவிடும் என்பதால் முதல் சில முறை நிரப்பியதும் ஃபில்டரை மாற்ற வேண்டியிருக்கும்.

டேங்கில் மழைநீர் இறங்கினால், ஒரு அளவு வரை எத்தனால் அதைக் கரைத்து வைத்துக்கொள்ளும். அளவு மீறியதும் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து அடியில் தனி அடுக்காக இறங்கிவிடும். எஞ்சினுக்குப் போகும் குழாய் அடியில் இருப்பதால் வண்டி நின்றுவிடும். அதன் மேல் புதுப் பெட்ரோல் ஊற்றிச் சரிசெய்ய முடியாது, முழுவதும் வடிக்க வேண்டும். கலப்பு அளவைப் பார்க்க, மூடியுள்ள 100 மில்லி அளவுக்குழாயில் 50 மில்லி பெட்ரோல், 50 மில்லி தண்ணீர் விட்டு, திறந்த வெளியில், நெருப்பு அருகில் இல்லாமல் குலுக்கிப் பத்து நிமிடம் வையுங்கள். கீழே உள்ள நீர் அடுக்கு 60ஐ ஒட்டி ஏறியிருந்தால் 20 சதவீதம்.

வடித்த பெட்ரோலை மண்ணிலோ சாக்கடையிலோ ஊற்றாதீர்கள். மண்ணில் உள்ள பாக்டீரியா எத்தனாலைத்தான் முதலில் தின்னும். அதற்குள் ஆக்சிஜன் தீர்ந்துபோய், பெட்ரோலில் உள்ள பென்சீன் சிதையாமல் நிலத்தடி நீரில் வழக்கத்தைவிட வெகுதூரம் நகரும். பங்க்கின் நிலத்தடித் தொட்டி கசிந்தாலும் இதே கதைதான். பங்க்கை ஒட்டிக் கிணறு இருப்பவர்கள் தண்ணீரைப் பரிசோதிக்கக் கொடுக்கும்போது பென்சீன் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்; உப்பு, கடினத்தன்மை, கோலிஃபார்ம் பார்க்கும் வழக்கமான பரிசோதனையில் அது தெரியாது. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம்.